பாட்டியாருக்கென ஒரு குளியலறை

திருநின்றவூர் என்றதும் சைவப் பெருமக்களுக்குப் பூசலாரின் நினைவு வரும். ஆலயம் எழுப்பக் கையில் பொருளில்லாத அந்த அடியவர், மனத்திற்குள்ளேயே கடைக்கால் தோண்டி, கல் அடுக்கி, விமானம் உயர்த்தி, கிணறும் குளமும் அமைத்து, குடமுழுக்கு நாளும் குறித்துவிட்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்குக் குடமுழுக்கு நடத்தவிருந்த பல்லவ மன்னன் அதனை ஒத்திவைத்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டுக்கொண்டு இவ்வூருக்கு வந்தானாம். இருதயாலீசுவரர் கோயில் என்ற பெயரோடு இன்று நம்மூரில் நிற்பது அவ்வடியவரின் நினைவைத் தாங்கியதே. நம் வாசகர்கள் வேறு வழிபாட்டினராயினும், வீடு கட்ட நினைக்கும் எவரும் அவரிடம் கற்றுக்கொள்ளத்தக்க முறை ஒன்று இதில் உண்டு. குடியிருக்க வருபவர் யார் என்பதை அவர் முதலில் அறிந்திருந்தார்; பிறகே கடைக்கால் தோண்டினார்.

இம்மாதம் நாம் அவ்வாறு மனத்தில் கட்டிப் பார்க்கப் போவது ஒரு குளியலறை. இதற்கா ஒரு கட்டுரை என்று முகம் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

புதுவீடு கட்டும் குடும்பத்தில் கூடத்தின் அகலத்தைப் பற்றி ஒரு மாதம் பேச்சு நடக்கும். சமையல் மேடைக்கு எந்தக் கல் என்பதற்கு இரண்டு வாரம். சன்னல் கம்பியின் பூ வேலைக்கு இரண்டு நாள். குளியலறை என்று வரும்போது, "ஐந்துக்கு ஏழு வைத்துக்கொள்ளலாம், சார்" என்பார் மேஸ்திரி. எல்லோரும் தலையசைத்துவிட்டுச் சுவர் வண்ணத்துக்குப் போய்விடுவர். ஐந்தடி அகலம், ஏழடி நீளம். யாருக்கு? எவ்வளவு உயரமுள்ளவருக்கு? எப்படிப்பட்ட முழங்காலுக்கு? இந்தக் கேள்விகள் அங்கே எழுவதேயில்லை.

நம் புறநகர் வீடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இரயில்வேயிலும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உழைத்தவர்கள், அரக்கோணம் மார்க்கத்து மின்சார இரயிலை நம்பி இப்பக்கம் மனை வாங்கினர். கையில் காசு சேரச் சேரக் கட்டினர். கிணறும் துவைகல்லும் கொல்லையில் இருந்தமையால் குளியலறையும் கழிப்பறையும் அங்கேயே ஒதுங்கின. வசதி வந்தபின் வீட்டுக்குள் ஓர் அறை சேர்ந்தது. மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய மூலையே பெரும்பாலும் அதற்குக் கிடைத்தது. ஏரியை ஒட்டிய தெருக்களில் 2021-ஆம் ஆண்டு மழைநீர் புகுந்த பிறகு தரைத்தளத்தை உயர்த்திக்கொண்ட வீடுகளும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் கூடம் உயர்ந்தது. குளியலறை பழைய பள்ளத்திலேயே நின்றுவிட்டது. முப்பது வயதில் தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்து இவ்வீடுகளைக் கட்டியவர்கள் இன்று எழுபத்தைந்தைக் கடந்து, அந்தப் பள்ளத்தில் இறங்குவதற்கு வாயிற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முதியவர் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் அதை அறிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. வெளியில் தெரியாத துன்பம் வேறொன்று. விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் ஏற்பட்டவர் முதலில் குளியலைக் குறைக்கிறார். அடுத்து, இரவில் எழ வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்து தண்ணீர் அருந்துவதைக் குறைக்கிறார். மலச்சிக்கலும் சிறுநீர்த் தாரையில் நோயும் அதன் பின்னே வருகின்றன. வீட்டார் மருந்து வாங்குகிறார்கள். தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை கூறுகிறார்கள். அவர் ஏன் குடிப்பதில்லை என்பதை அந்தக் குளியலறை வாயிற்படியைக் கேட்டால் அது சொல்லும்.

மருத்துவ உலகம் இச்சிறு அறையின் மதிப்பை நன்கு அறிந்திருக்கிறது. நோயுற்றவர் தன் காரியங்களைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று அளப்பதற்குப் பார்த்தல் அளவுகோல் என்ற ஒன்றை அமெரிக்காவில் 1965-இல் வெளியிட்டனர். இன்றும் மறுவாழ்வு மருத்துவத்தில் அது வழக்கில் உள்ளது. பத்துச் செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். உண்ணல், உடுத்தல், நடத்தல், படியேறல் போன்றவற்றோடு குளியல், முகம் கழுவித் தலைவாரல், கழிப்பறையைப் பயன்படுத்தல், மலத்தை அடக்கல், சிறுநீரை அடக்கல் என ஐந்து செயல்கள் இந்த அறையைச் சேர்ந்தவை. குளியலுக்கு 5 மதிப்பெண். அதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. யாருடைய உதவியும் இன்றித் தானே குளித்தால் 5; ஒருவர் பக்கத்தில் நின்று துணை செய்தாலும் சுழியம். இடைப்பட்ட மதிப்பெண் கிடையாது. முதலில் பார்க்கும்போது இது கொடுமையாகத் தோன்றும். ஆனால், கதவைச் சாத்திக்கொண்டு தனியே குளித்து வந்த ஒருவர், மருமகளின் எதிரில் ஆடை களைய நேர்ந்த முதல் நாளை நினைத்துப் பார்த்தால், அளவுகோலை வகுத்தவர்கள் மனிதரை அறிந்தவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் மாநிலத்தில் இத்துறைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்பின் கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அறுவை மருத்துவராக வேண்டும் என்ற கனவு முடிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பது அங்கே உணரப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அறுவை செய்தார். பின்பு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டி எழுப்பினார். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1986-இல் மறைந்தார். அவர் எழுந்து நிற்க முடியாது என்பது மாறவில்லை. அவர் இருக்கும் உயரத்துக்கு வேலை இறங்கி வந்தது. நம் குளியலறைக் கணக்கும் இதுவேதான்.

அதே 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரா குளியலறையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மனித உடல் எப்படிக் குனிகிறது, எப்படி அமர்கிறது, கை எதுவரை எட்டுகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, கடைகளில் விற்கும் பீங்கான் தொட்டிகள் உடலுக்குப் பொருந்துவதாக அமைக்கப்படவில்லை என்று எழுதினார். முகம் கழுவும் தொட்டி மிகத் தாழ்வாக இருக்கிறது என்றார். மலம் கழிக்கக் குந்தி அமர்வதே உடலுக்கு இயல்பு என்றும் அவர் கூறியதைக் கேட்டால் நம் பாட்டனார்கள் புன்னகை செய்திருப்பார்கள்.

இந்திய அரசும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் ஏற்ற கட்டடங்களுக்கென 2021-இல் நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம், கதவுக்கு மூன்றடி அகலம், மேற்கத்தியக் கழிப்பிருக்கை தரையிலிருந்து 18 முதல் 19 அங்குல உயரம் என்றெல்லாம் அதில் அளவுகள் உண்டு. இரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் இவை இன்றியமையாதவை. அங்கே வருபவர் யாரென முன்கூட்டித் தெரியாது. வீட்டில் வருபவர் யாரெனத் தெரியும். தெரிந்த பின்னும் பொது அளவையே பிடித்துக்கொண்டால், நான்கடி ஒன்பது அங்குல உயரமுள்ள மூதாட்டி ஒருவர் அந்த 18 அங்குல இருக்கையில் அமர்ந்து கால்கள் தரையைத் தொடாமல் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார். ஊன்ற இடமில்லாத கால் எழுந்திருக்க உதவாது. மாற்றுத்திறனாளிகளுக்கென விற்கப்படும் பொருள் என்பதால் மட்டும் அது நம் வீட்டு மூதாட்டிக்குப் பொருந்திவிடாது.

ஆகவே, அந்த மூதாட்டியையே நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வயது எழுபத்தெட்டு. வலது முழங்கால் தேய்ந்தது. வலது தோளுக்கு மேல் கை உயராது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்கிறார். கண்ணில் புரை அறுவை ஒன்று முடிந்தது, மற்றொன்று தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. காலைத் திருப்பலிக்குச் செல்ல நாலே காலுக்கு எழுபவர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை ஐம்பது ஆண்டுகளாக விட்டதில்லை. இவருக்கு எத்தகைய குளியலறை வேண்டும்?

அவரைக் கேட்டால், "எனக்கெதற்கப்பா இந்தச் செலவு? இன்னும் எத்தனை நாள்?" என்பதுதான் விடையாக வரும். அதோடு பேச்சை முடித்துவிடும் மகன்மார் பலர். என்ன வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, "அத்தை, நீங்கள் உள்ளே போய்வருவதை எனக்கு ஒருமுறை நடந்து காட்டுங்கள்" என்று மருமகள் கேட்கட்டும். உடுத்த உடையோடு, தண்ணீர் இல்லாமல். எங்கே கை வைக்கிறார், எங்கே ஒரு நொடி தயங்குகிறார், எந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்தால் போதும். அவர் கை வைக்கும் இடமெல்லாம் சுவரில் அழுக்குத் தடமாக ஏற்கெனவே பதிந்திருக்கும்! தண்ணீர்க் குழாயையும் துண்டு போடும் கம்பியையும் அவர் பிடித்துக்கொள்வது அப்போது தெரியவரும். அவை ஆளின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நாலே கால் மணிக்குத் தொடங்குவோம். மாத்திரை உண்பவர் படுக்கையிலிருந்து திடுமென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். கட்டிலின் ஓரத்தில் சற்று அமர்ந்துவிட்டே எழ வேண்டும். அமர்ந்த இடத்திலேயே விளக்கின் விசை கைக்கெட்ட வேண்டும். கட்டிலிலிருந்து குளியலறை வரை உள்ள வழியில் தரையை ஒட்டி ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். மின்செலவு மிகச் சொற்பம்.

அடுத்தது வாயிற்படி. குளியலறை நீர் கூடத்துக்குள் வராதிருக்க இரண்டங்குலக் கல் ஒன்றைக் குறுக்கே பதிப்பது நம் மேஸ்திரிகளின் வழக்கம். காலைத் தூக்கி வைக்க முடியாதவருக்கு அந்த இரண்டங்குலம் இரண்டடி. கல்லை எடுத்துவிட்டு, தரையை உட்பக்கம் சீராகச் சரித்து, வாயில் ஓரமாகவே ஒரு நீண்ட சல்லடைக் கால்வாயை அமைத்தால் நீர் வெளியே வராது. பழைய வீட்டில் தளம் பள்ளமாக இருந்தால் அதை மேடாக்கித்தான் ஆக வேண்டும். வடிகுழாய் போகும் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலையாதலால், கைதேர்ந்த பிளம்பர் ஒருவரிடம் முதலிலேயே காட்டிவிடுவது நலம்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவாயின், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடும். உதவிக்கு ஓடிவருபவர் கதவை உடைத்தால் அது அவர்மீதே விழும். தாழ்ப்பாள் உண்டு, ஆனால், வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தைக் கொண்டு திருகித் திறக்கக்கூடிய வகை. தாழ்ப்பாளே வேண்டாம் என்று எடுத்துவிடும் வீடுகள் உள்ளன. அது சரியன்று. தாழிட்டுக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு வயது எழுபத்தெட்டு ஆனதால் போய்விடுவதில்லை.

கழிப்பிருக்கையின் உயரத்தை அவரையே அளந்து முடிவு செய்ய வேண்டும். நாற்காலியில் அமர்த்தி, குளியலறையில் அணியும் செருப்போடு பாதம் தரையில் படிந்திருக்கும்போது, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளக்கவேண்டும். இவருக்கு 14 அங்குலம் என்று கொள்வோம். முழங்கால் தேய்ந்தவராதலால், எழுவதற்கு எளிதாக ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் கூட்டலாம். 15 அல்லது பதினைந்தரை. கடையில் கிடைக்கும் இருக்கை இதைவிட உயரமாயின், பாதம் ஊன்ற ஒரு நிலையான சிறு மேடை தேவைப்படும். அது காலில் இடறும். ஆகையால் குறைந்த உயரமுள்ள இருக்கையைத் தேடி வாங்குவதே மேல். வெள்ளைத் தரையில் வெள்ளைப் பீங்கான் புரைவிழுந்த கண்ணுக்குத் தெரியாது. தரை அடர்ந்த நிறமாகவோ, மூடியும் வளையமும் வேறு நிறமாகவோ இருக்கட்டும்.

இடக்கையால் கழுவுபவருக்கு நீர்த்தெளிப்பான் இடப்பக்கம் இருக்க வேண்டும். எழுவதற்குப் பிடிக்கும் கம்பி வலப்பக்கம். பல வீடுகளில் இரண்டும் ஒரே பக்கம் இருக்கக் காண்கிறோம். குழாய் எங்கே வந்ததோ அங்கே எல்லாம் மாட்டப்பட்டிருக்கும். கம்பியின் உயரத்தை நூலில் தேட வேண்டாம். அவர் அமர்ந்து எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கம்பி ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை பருமன் இருந்தால் சிறிய கையும் முழுதாகப் பற்றும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி போதும். அதிகம் விட்டால் கை நழுவும்போது முழங்கை வரை உள்ளே சிக்கிக்கொள்ளும். நாலரை அங்குலச் செங்கற் சுவரில் சாதாரணத் திருகாணி நிற்காது. சுவரைத் துளைத்து மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். புதுக்கட்டடமாயின், அவ்விடத்தில் கான்கிரீட் கட்டை ஒன்றை முன்பே பதித்துவிடலாம்.

இனிக் குளியல். தரையில் வாளி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, நாற்பது முறை குனிந்து நீர் முகந்து தலைக்கு மேல் தூக்கி ஊற்றல். உயராத தோளுக்கும் வளையாத முதுகுக்கும் இதைவிடக் கடுமையான பயிற்சி ஒன்றைக் கண்டுபிடிப்பது அரிது. ஈரத்தில் அந்த முக்காலி நழுவும் விதமும் நாம் அறிந்ததே. அதற்குப் பதில் சுவரோடு சேர்த்து ஒரு சிறு திண்ணை கட்டலாம். உயரம், கழிப்பிருக்கைக்குச் சொன்ன அதே 15 அங்குலம். விளிம்புகள் மழுங்கியிருக்க வேண்டும். திண்ணையின் முன்புறம் அடியில் நான்கு அங்குலமேனும் உள்வாங்கியிருக்க வேண்டும். எழும்போது குதிகால் பின்னே போனால்தான் உடல் முன்னே வரும். நேர்ச்சுவராகக் கட்டிவிட்டால் குதிகால் இடித்துக்கொண்டு எழ முடியாமற் போகும். கட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

திண்ணைக்கு வலப்பக்கம், அதே உயரத்தில் வாளிக்கு ஒரு மேடை. வாளியின் வாய் அவருடைய இடுப்புக்கு வந்துவிடும், குனிய வேண்டியதில்லை. தோள் உயராதவராதலால், தலைக்கு நீர் வார்க்க நீளக்குழாயுள்ள கைத்தெளிப்பான் ஒன்றும் வேண்டும். ஆயினும் செம்பை எடுத்துவிடக் கூடாது. உடம்பின் மேல் வெந்நீர் செம்பு செம்பாக விழும் சுகம் அவருக்குப் பழகியது. தூறலாக விழும் நீரில் குளித்ததாகவே அவருக்குத் தோன்றாது. இரண்டும் இருக்கட்டும். விளாவும்போது முதலில் தண்ணீர், அதன்மேல் வெந்நீர் என்ற ஒழுங்கு முக்கியம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குக் காலில் ஊற்றிச் சூடு பார்ப்பது ஆபத்து. முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். திருகும் குழாய்களுக்குப் பதில், நெம்பித் திறக்கும் நீண்ட கைப்பிடிக் குழாய்கள் விரல் வலியுள்ளவருக்கு உகந்தவை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிறதே, அதனை நிறுத்திவிடச் சொல்வது மிக எளிது. நிறுத்தச் சொல்லுவோரின் கூட்டத்தில் நான் இல்லை. எண்ணெயும் சீயக்காயும் தரையில் படிந்தால் மறுநாள் விடியலில்தான் அது வேலையைக் காட்டும். பளபளப்பான பெரிய ஓடுகளைத் தவிர்த்து, சொரசொரப்பான சிறிய ஓடுகளைப் பதித்தால், அவற்றின் இடையே உள்ள எண்ணற்ற இணைப்புக் கோடுகள் பாதத்துக்குப் பிடிமானம் தரும். எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறைக்கு வெளியே, ஒரு பழைய பாய் விரித்து, நாற்காலியில் அமர்த்திச் செய்யலாம்; உள்ளங்காலை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். குளித்து முடிந்ததும் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பேரனுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே இவ்வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சேலைக்கும் இடம் வேண்டும். குளியலறையைத் திட்டமிடும் ஆண்கள் பெரும்பாலும் மறப்பது இதனை. ஈரம் படாத மூலை ஒன்று, உட்கார்ந்தபடி உடுத்தத் தொடங்க ஓர் இடம், தோளுக்குக் கீழான உயரத்தில் இரண்டு கொக்கிகள். கதவின் உச்சியில் ஆணியடித்து அங்கே சேலையைப் போட்டால், அதை எட்டி இழுக்கும்போதே பாதி விபத்துகளுக்கு வழி பிறக்கும். மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் முழங்கை உயரத்தில் ஒரு மாடம். சோப்புக்கும் அதுவே. கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிவது முதியோருக்குத் தீராத பகை.

ஒரு மணி வேண்டும். அதன் கயிறு தரைவரை தொங்க வேண்டும்; விழுந்து கிடப்பவரின் கை எட்டுவது அங்கேதான்.

இவையனைத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ சுண்ணக்கட்டியால் ஐந்துக்கு ஏழு என்று கட்டம் வரையுங்கள். கழிப்பிருக்கைக்கு ஒரு நாற்காலி, திண்ணைக்கு ஒரு பெட்டி, வாளிக்கு ஒரு வாளி. அவரை அதில் நடந்து, அமர்ந்து, திரும்பி, எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். சங்கடமாயிருந்தால் கோட்டை அழித்து வேறிடத்தில் போடலாம். செலவு ஒரு சுண்ணக்கட்டி. பூசலாருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. நமக்கு அவ்வளவு மனத்திறன் இல்லை.

இதே கட்டத்தில் வேறொருவரை நடக்கவிட்டால் எல்லாம் மாறிவிடும். பக்கவாதத்தால் இடப்புறம் வலுவிழந்த பெரியவருக்குக் கம்பி வலப்பக்கம் வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உள்ளே செல்லும்போது வலப்பக்கம் இருந்த கம்பி, வெளியே வரும்போது இடப்பக்கம் ஆகிவிடுகிறதே! அவருக்கு இரு சுவரிலும் கம்பி வேண்டும். தண்டுவடம் பாதித்துச் சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞருக்கு நம் பாட்டியாரின் உறுதியான கல் திண்ணை பெருந்தீங்கு செய்யும். அழுந்துவதை உணராத தோலில் படுக்கைப்புண் வந்துவிடும்; மெத்தை வைத்த குளியல் நாற்காலியே அவருக்குத் தகும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் உடல் செயலற்றுப்போன பின்பு அவர் நிறுவிய இந்நிலையம், இன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அன்றாடக் காரியங்களில் தற்சார்பைப் பயிற்றுவிக்கிறது. அங்கும் சரி, வேலூரிலும் சரி, நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் மறுவாழ்வுப் பணியாளர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்விகளுள் ஒன்று, உங்கள் வீட்டுக் கழிப்பறை எப்படி இருக்கும் என்பதே.

வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை. அதையும் ஆறு பேர் பயன்படுத்த வேண்டும். ஒருவருக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆறடி உயர மகனுக்குத் திண்ணை தாழ்வு. அவர் நின்று குளிக்கட்டும். உயர்ந்த வாளிமேடை கருவுற்ற மருமகளுக்கு நிச்சயம் நன்மை. சின்னக் குழந்தைக்கு அது எட்டாது. தரையோடு இன்னொரு குழாய் வைத்தால் தீர்ந்தது. இரண்டு தேவைகள் நேருக்கு நேர் மோதினால், வேறு எங்கும் போய்க் குளிக்க முடியாதவர் யாரோ அவர் பக்கமே நான் நிற்பேன். மற்றவர்களுக்குக் கொல்லையில் குழாய் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, வலுவான கால்கள் இருக்கின்றன.

பணத்தட்டுப்பாடு உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இரண்டு கம்பிகள், வெளியில் திறக்கும் கதவு, இரவு விளக்கு. இவை ஒரு வாரத்து வேலை. வாளிக்கு மேடை கட்டும்வரை கவிழ்த்த மரப்பெட்டி ஒன்று போதும். திண்ணையும் தரையும் அடுத்த போனசுக்குக் காத்திருக்கலாம். சுவர் ஓட்டின் அழகுக்கென ஒதுக்கிய தொகை ஏதேனும் இருந்தால் அதைத் தரைக்கு மாற்றிவிடுங்கள். சுவரில் எவரும் நடப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாட்டியாரை மறுபடி நடந்து காட்டச் சொல்ல வேண்டும். முழங்கால் மாறும், கண் மாறும், மாத்திரை மாறும். ஒரு காலத்தில் துணைக்கு ஒருவர் உள்ளே நிற்க வேண்டிவரலாம். திண்ணைக்குப் பக்கத்தில் மூன்றடி இடம் இப்போதே விட்டுவைத்தால், அன்று மருமகளின் முதுகு தப்பும். சுவரைப் பூசி ஓடு பதிப்பதற்கு முன், கான்கிரீட் கட்டைகள் பதித்த இடங்களைத் தரையிலிருந்து இத்தனை அங்குலம், மூலையிலிருந்து இத்தனை அங்குலம் என்று ஒரு தாளில் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கம்பியை இடம் மாற்ற வரும் பிளம்பர், சுவரைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.